ஐசியூவில் இருக்கும் அப்பாவுக்கு விஆர் ஹெட்செட் கொண்டுபோகலாமா?

தம்பி, அப்பா 12 நாளாக கொழும்பில் ஐசியூவில், வென்டிலேட்டரை எடுத்தாயிற்று, ஆனால் காலைத் தூக்க முடியவில்லை, மச்சானின் விஆர் ஹெட்செட்டால் (கண்ணில் மாட்டினால் வேறு உலகம் காட்டுகிற கருவி) பயிற்சி செய்விக்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள்.

முதலில் பிசியோவிடம் (உடற்பயிற்சி சிகிச்சை தருபவர்) காட்டாமல் கொண்டுபோய் மாட்டிவிடாதீர்கள். படுக்கையில் கிடந்தால் தசை கரைகிற வேகம் பயங்கரம். 2013இல் லண்டனில் அளந்தபோது, கடுமையாக நோயுற்றவர்களின் தொடைத் தசை 10 நாளில் சுமார் 18 சதவீதம் குறைந்திருந்தது. ஆகவே கால் தூக்காதது சோம்பல் இல்லை, அவரை ஏசவேண்டாம். அந்தத் தசையைத் திருப்பித் தருவது கட்டில் ஓரத்தில் உட்காருவது, எழும்பி நிற்பது போன்ற அலுப்பான வேலைகள்தான். விஆர் அந்த அலுப்பைக் குறைக்கும், அவ்வளவுதான். பந்தைத் தட்டுகிற விளையாட்டு என்றால் கை இன்னும் பத்துத் தடவை கூடுதலாக உயரும்.

ஆனால் அப்பா இரவில் ஆளை மாறிப் பேசுகிறார், குழம்புகிறார் என்றால் இப்போது வேண்டாம். கண்ணை மூடிய பெட்டிக்குள் வேறு உலகம் காட்டினால் குழப்பம் கூடலாம். வலிப்பு, வாந்தி, தலைக்காயம் இருந்தாலும் அப்படியே. கிருமித்தொற்று விஷயமும் உண்டு, ஹெட்செட்டின் ஸ்பொஞ்ச் முகத்தில் படுகிறதல்லவா?

டாக்டர் சரி என்றால், உட்கார்ந்தபடி ஐந்து நிமிடம், பிசியோ பக்கத்தில் நிற்க. ரோலர் கோஸ்டர் வகையறா வேண்டவே வேண்டாம், தலை சுற்றும்.

என் அம்மாவுக்கு ஹெட்செட் சரிவரவில்லை. டெப்பில் (டேப்லெட்டில்) காலிமுகத்திடல் கடற்கரை வீடியோவைப் போட்டு, கடலை வண்டியை எட்டித் தொடச் சொன்னோம். தொட்டார்.