பைத்தான் நூலகங்களை வீட்டுக் கணினியில் நிறுவுதல்: கேள்வி பதில்

பைத்தான் ஒரு நிரல்மொழி. பிறர் எழுதிவைத்த, நம் நிரலில் அழைத்துக்கொள்ளும் நிரல்தொகுப்பே நூலகம். அதை இறக்கி நிறுவும் கருவி பிப். கட்டளைகளையும் பிழைச்செய்திகளையும் இங்கே தமிழ் எழுத்தில் தந்திருக்கிறேன். கட்டளைகளைத் தட்டச்சு செய்யும்போது ஆங்கிலச் சிற்றெழுத்துகளில் இடுங்கள்.

கேள்வி: விண்டோஸ் கணினியில் பிப் வழியாக, எண் கணக்கீட்டு நூலகமான நம்பையை நிறுவினேன். வெற்றிகரமாக நிறுவப்பட்டது என்றே செய்தி வந்தது. ஆனால் நிரலை இயக்கினால் ‘நோ மாட்யூல் நேம்டு நம்பை’ (நம்பை என்று எதுவும் இல்லை) என்கிறது. ஏன் ஐயா?

பதில்: உங்கள் கணினியில் ஒன்றுக்கு மேற்பட்ட பைத்தான்கள் இருக்கக்கூடும். அதிகாரப்பூர்வத் தளத்திலிருந்து ஒன்று, மைக்ரோசாஃப்ட் ஸ்டோரிலிருந்து ஒன்று, ஏதோ ஒரு பயிற்சி வகுப்புக்காக நிறுவிய அனகோண்டா என்ற பைத்தான் தொகுப்போடு இன்னொன்று என்று அவை சேர்ந்துகொண்டே போகும். ஒவ்வொன்றுக்கும் தனித்தனி பிப் உண்டு. நீங்கள் அழைத்த பிப் ஒரு பைத்தானுக்குள் நம்பையை வைத்துவிட்டது, உங்கள் எடிட்டரோ வேறொரு பைத்தானைக் கொண்டு நிரலை இயக்குகிறது. ‘பை -0பி’ என்று இட்டால், எத்தனை பைத்தான்கள் எந்தெந்தக் கோப்புறையில் உள்ளன என்பது தெரிந்துவிடும்.

வெறும் ‘பிப் இன்ஸ்டால்’ என்று எழுதும் பழக்கத்தை இன்றோடு விட்டுவிடுங்கள். ‘பைத்தான் -எம் பிப் இன்ஸ்டால் நம்பை’ என்று எழுதினால், எந்தப் பைத்தானை அழைக்கிறீர்களோ அதற்குள்ளேயே நூலகம் சென்று சேரும். அதைவிட நல்ல வழி, திட்டக் கோப்புறைக்குள் ‘பைத்தான் -எம் வீஎன்வ் சூழல்’ என்று ஒரு மெய்நிகர்ச் சூழலை (அந்தத் திட்டத்துக்கு மட்டுமான நூலகங்களைக் கொண்ட தனிப் பைத்தானை) உருவாக்கி, ‘சூழல்\ஸ்கிரிப்ட்ஸ்\ஆக்டிவேட்’ என்று அதற்குள் நுழைந்த பிறகு நிறுவுவது. நுழைந்தபின் கட்டளை வரியின் தொடக்கத்தில் சூழலின் பெயர் அடைப்புக்குறிக்குள் தெரியும். அது தெரியாதவரை எதையும் நிறுவாதீர்கள். எடிட்டரிலும் அதே சூழலைத் தேர்ந்தெடுக்க வேண்டும். பலர் தவறவிடுவது இந்தக் கடைசிப் படியைத்தான்.

கேள்வி: நிரலில் ‘இம்போர்ட் சிவி2’ என்றுதான் இருக்கிறது. ஆனால் ‘பிப் இன்ஸ்டால் சிவி2’ வேலை செய்யவில்லையே?

பதில்: நிறுவும் பெயரும் இறக்குமதி செய்யும் பெயரும் ஒன்றாக இருக்கவேண்டும் என்று எந்த விதியும் இல்லை. சிவி2 வேண்டுமென்றால் ‘ஓப்பன்சிவி-பைத்தான்’ என்று நிறுவ வேண்டும். ‘பில்லோ’வை நிறுவினால் ‘பில்’ (இதை மட்டும் பேரெழுத்துகளில் இடுங்கள்) கிடைக்கும். ‘சைகிட்-லேர்ன்’ நிறுவினால் ‘எஸ்கேலேர்ன்’ கிடைக்கும். தமிழ் எழுத்துகளைப் பிரித்தெடுக்க உதவும் ‘ஓப்பன்-தமிழ்’ நூலகத்தையும் ‘இம்போர்ட் தமிழ்’ என்றுதான் அழைக்கிறோம்.

பெயரை ஊகித்து நிறுவிப் பார்க்கவே பார்க்காதீர்கள். பிப் தேடும் பைபிஐ களஞ்சியத்தில் கணக்கு வைத்திருக்கும் எவரும் முன்பரிசோதனை எதுவும் இன்றி நூலகத்தைப் பதிவேற்றலாம். புகழ்பெற்ற பெயர்களில் ஓரெழுத்தை மாற்றி, கடவுச்சொல் திருடும் நிரல்களை வைப்போர் அங்கே உண்டு. 2024 மார்ச்சில் அத்தகைய பதிவேற்றங்கள் வெள்ளமாக வந்ததால், புதிய பயனர் பதிவையே சில மணி நேரம் நிறுத்திவைத்தார்கள். நூலகத்தின் ஆவணப் பக்கத்தில் உள்ள நிறுவல் வரியை அப்படியே எடுத்து இடுங்கள்.

கேள்வி: உபுண்டு லினக்ஸில் ‘எக்ஸ்டர்னலி மேனேஜ்டு என்விரான்மென்ட்’ (வெளியிலிருந்து நிர்வகிக்கப்படும் சூழல்) என்று பிப் மறுக்கிறது. ‘பிரேக் சிஸ்டம் பேக்கேஜஸ்’ என்று சேர்த்தால் சரியாகிவிடும் என்கிறார்கள். சேர்க்கலாமா?

பதில்: ‘கணினியின் தொகுப்புகளை உடை’ என்று அந்தச் சொற்களே என்ன நடக்கும் என்று சொல்கின்றனவே! உபுண்டுவின் சொந்தக் கருவிகள் பலவும் கணினியோடு வரும் பைத்தானை நம்பி இயங்குகின்றன. அதற்குள் பிப் கைவைக்கக் கூடாது என்பதற்காகவே 2023இல் வந்த உபுண்டு 23.04, டெபியன் 12 முதல் இந்தத் தடை வைக்கப்பட்டது. ‘பைத்தான்3-வீஎன்வ்’ என்பதை உபுண்டுவின் நிறுவல் கருவியான ஏபிடி வழியாக நிறுவிக்கொண்டு மெய்நிகர்ச் சூழல் உருவாக்குங்கள். நிர்வாகி உரிமையோடு பிப்பை இயக்கும் ‘சூடோ பிப்’ என்பதை எந்நாளும் எழுதாதீர்கள்.

கேள்வி: நிறுவும்போது ‘மைக்ரோசாஃப்ட் விஷுவல் சி++ 14.0 தேவை’ என்று வருகிறது. அந்தப் பல ஜிபி மென்பொருளை இறக்கித்தான் ஆகவேண்டுமா?

பதில்: பெரும்பாலும் வேண்டாம். முன்கூட்டியே தொகுக்கப்பட்ட ‘வீல்’ கோப்பு கிடைக்காதபோதுதான், பிப் மூலநிரலை எடுத்து உங்கள் கணினியிலேயே தொகுக்க முயல்கிறது. அதற்குத்தான் சி++ கேட்கிறது. ‘நம்பை-2.1.0-சிபி312-சிபி312-வின்_ஏஎம்டி64’ என்ற வீல் கோப்பின் பெயரைப் பாருங்கள்: பைத்தான் 3.12, 64 பிட் விண்டோஸ் என்று அதிலேயே எழுதியிருக்கிறது. உங்கள் பைத்தான் சென்ற மாதம் வெளிவந்த புதுப் பதிப்பாக இருந்தால், சிறிய நூலகங்கள் பலவற்றுக்கு வீல் இன்னும் வந்திருக்காது. அதற்கு முந்தைய பதிப்பை நிறுவுங்கள். 32 பிட் பைத்தானைத் தவறுதலாக நிறுவியிருந்தாலும் இதே செய்தி வரலாம்.

கேள்வி: பாண்டாஸ் என்ற நூலகத்தை நிறுவினேன், ‘நோ மாட்யூல்’ என்கிறது.

பதில்: முதல் பதில்.

கேள்வி: திட்டத்துக்கொரு சூழல் என்றால் 256 ஜிபி வட்டு என்ன ஆவது? அனகோண்டாவோடு வரும் நிறுவல் கருவியான கோண்டா ஒன்றே போதுமே. நீங்கள் ஏன் அதைப் பேசவே மாட்டேன் என்கிறீர்கள்?

பதில்: கோண்டாவும் சூழல்களைத்தான் உருவாக்குகிறது. ஆனால் ஒரே கோப்பைப் பல சூழல்களுக்கு வன்தொடுப்பால் (வட்டிலுள்ள ஒரே பிரதியைப் பல இடங்களில் காட்டும் முறையால்) பகிர்வதால் இடம் மிச்சமாகும் என்பது உண்மை. நிலப்படத் தரவைக் கையாளும் ஜிடால் போன்ற, பைத்தான் அல்லாதவற்றையும் அது சேர்த்தே தருகிறது. நிலப்படத் தரவோடு வேலை செய்பவருக்கு நானே கோண்டாவைத்தான் சொல்வேன். இணையத்திலிருந்து நான்கு வரி எடுக்கும் நிரலுக்கு அது வேண்டியதில்லை.

அவரே மீண்டும்: கோண்டாவோடு முதலிலேயே வரும் பேஸ் சூழலிலேயே பிப்பையும் கோண்டாவையும் கலந்துதான் பயன்படுத்துகிறேன். இதுவரை எதுவும் உடையவில்லை.

பதில்: பிப் வைத்ததைக் கோண்டா முழுமையாகக் கணக்கில் கொள்வதில்லை. அடுத்த முறை கோண்டா ஒரு நூலகத்தைப் புதுப்பிக்கும்போது, பிப் வைத்த பதிப்பின் மேலேயே எழுதிவிடக்கூடும். கலந்தே தீரவேண்டும் என்றால், தனிச் சூழலில் கோண்டாவால் நிறுவ வேண்டியதையெல்லாம் முதலில் நிறுவுங்கள். பிப்பைக் கடைசியில் தொடுங்கள். அதன்பின் கோண்டாவுக்குத் திரும்பாதீர்கள். பேஸ் சூழலை எப்போதும் அப்படியே விட்டுவையுங்கள்.

இடையில் இன்னொருவர்: இருவருமே யூவியை மறந்துவிட்டீர்கள்.

பதில்: மறக்கவில்லை. பிப்பின் வேலையைச் செய்யும் கருவியாக 2024இல் வந்த யூவி மிக வேகமானது. அதுவும் தற்காலிகச் சேமிப்பிலிருந்து கோப்புகளைப் பகிர்வதால் வட்டு பற்றிய கவலைக்கு அதுவே நல்ல விடை. ஆனால் சூழல் என்றால் என்னவென்று புரியாதவருக்கு வேகம் உதவாது. தவறான இடத்தில் விரைவாக நிறுவுவார், அவ்வளவுதான்.

கேள்வி: முதல் பதிலில் உள்ளபடியே எல்லாம் செய்தேன். இப்போது நம்பைக்கு ‘அரே’ என்ற பண்பே இல்லை என்கிறது.

பதில்: உங்கள் நிரல் கோப்புக்கே ‘நம்பை.பை’ என்று பெயரிட்டிருப்பீர்கள்; நூலகத்துக்குப் பதில் பைத்தான் அதையே அழைக்கிறது. மாற்றுங்கள்.

கேள்வி: எக்செல் மேக்ரோ இயங்கவில்லை.

பதில்: அது என் துறையன்று.

கேள்வி: ஊரில் என் வீட்டுக் கணினிக்கு இணையம் இல்லை. கல்லூரியில் இறக்கி எடுத்துச் செல்ல முடியுமா?

பதில்: முடியும். கல்லூரிக் கணினியில் ‘பைத்தான் -எம் பிப் டவுன்லோடு -டி பொதி பாண்டாஸ்’ என்று இட்டால், பாண்டாஸும் அது சார்ந்திருக்கும் நூலகங்களும் ‘பொதி’ என்ற கோப்புறையில் வந்து சேரும். அதைப் பென் டிரைவில் எடுத்துச் சென்று, வீட்டில் சூழலுக்குள் நுழைந்து, ‘பைத்தான் -எம் பிப் இன்ஸ்டால் --நோ-இண்டெக்ஸ் --ஃபைண்ட்-லிங்க்ஸ் பொதி பாண்டாஸ்’ என்று நிறுவுங்கள். இரண்டு கணினிகளிலும் இயங்குதளமும் பைத்தான் பதிப்பும் ஒன்றாக இருக்கவேண்டும். கல்லூரியில் லினக்ஸ், வீட்டில் விண்டோஸ் என்றால் நீங்கள் கொண்டுபோகும் வீல்கள் அங்கே ஏறா. ஆகவே ஊருக்குப் புறப்படும் முன், வீட்டிலுள்ளவரை அழைத்து ‘பைத்தான் --வெர்ஷன்’ என்று இட்டுப் படித்துக் காட்டச் சொல்லுங்கள்.