மேற்குக் கண்ணாடிச் சுவருக்கு நெய்த உலோக வலை போதுமா?

"அலுவலகத்தின் மேற்குப் பக்கம் முழுவதும் கண்ணாடி. வெளியே துருப்பிடிக்காத எஃகு வலையை மாட்டினால் ஏ.சி. செலவு குறையும், கட்டடமும் பசுமையாகும் என்கிறார்கள். நம்பலாமா?" என்று கேட்டிருக்கிறீர்கள்.

பாதி நம்பலாம். உள்ளே தொங்கும் திரைச்சீலை வெயிலை வாங்கிச் சூடேறி, அந்தச் சூட்டை அறைக்குள்ளேயே விடும். வெளியே நிற்கும் வலையின் சூட்டையோ, கண்ணாடிக்கும் அதற்கும் நடுவே மேலேறிச் செல்ல இடம் விட்டிருந்தால், காற்றே கொண்டுபோய்விடும்.

மேற்கு என்பதுதான் சிக்கல். பாவும் ஊடையுமாக நெய்த வலையில் கம்பியின் பருமன் 1 மி.மீ., கம்பிகளுக்கு நடுவே உள்ள ஓட்டையான கண் 3 மி.மீ. என்றால், நேர்ப் பார்வையில் ஏறத்தாழ 56 விழுக்காடு திறந்த வெளி. உச்சி வெயில் மேலிருந்து சாய்ந்து விழும்போது கம்பியின் பருமனே கண்களை மூடிக்கொள்வதால் நிழல் நன்றாகக் கிடைக்கும். மாலைக் கதிர் தாழ்ந்து நேராக வரும்போது பாதிக்கு மேல் உள்ளே நுழைந்துவிடும். எனவே மேற்குக்கு நெருக்கமான நெசவு வேண்டும். இடமிருந்தால் மரம் இன்னும் நல்லது.

இத்தகைய வலைக்கு எடுத்துக்காட்டாகத் தொமினிக் பெரோ வடிவமைத்த பாரிஸ் தேசிய நூலகத்தைக் காட்டுவார்கள். அங்கே எஃகு நெசவு உட்கூரைகளுக்கும் உட்சுவர்களுக்கும் அழகாகப் போர்த்தப்பட்டிருப்பது உண்மை. ஆனால் அதன் கண்ணாடிக் கோபுரங்களில் நூல்களை வெயிலிலிருந்து காப்பவை, கண்ணாடிக்குப் பின்னால் உள்ள மரத் தடுப்புகள்.

பசுமை என்ற சொல்லுக்கு வருவோம். இந்த எஃகை உருவாக்கவே நிறைய ஆற்றல் செலவாகிறது. உருக்கி மறுபடி பயன்படுத்தலாம் என்பது உண்மையே எனினும், பல பத்தாண்டுகள் உழைத்தால்தான் அந்தக் கணக்கு நேராகும். ஆகவே கடலோரத்தில் 304 எனப்படும் வழக்கமான துருப்பிடிக்காத எஃகுத் தரம் வேண்டாம்; உப்பின் அரிப்பைத் தாங்க உதவும் மாலிப்டினம் என்ற உலோகம் 2 முதல் 3 விழுக்காடு கலந்த 316 தரத்தைக் கேளுங்கள். போல்ட்டும் அதே தரமாக இருக்கட்டும். நான் பணியாற்றிய கடலோரக் கட்டடம் ஒன்றில் வலைக்கு 316 வாங்கிவிட்டு, போல்ட்டில் மிச்சம் பிடிக்கத் துத்தநாகம் பூசிய சாதாரண எஃகைப் போட்டோம். உப்பு ஈரத்தில் இரு உலோகங்களும் தொட்டுக்கொண்டிருக்க, பூச்சு முதலில் கரைந்தது. மூன்றாவது மழைக்காலத்தில் பழுதற்ற வலை முழுவதும் போல்ட்டின் துரு வழிந்தது.

இன்னொன்று: 10 மீட்டர் வலை, 40 பாகை வெப்ப வேறுபாட்டில் 6 மி.மீ.க்குச் சற்று மேல் நீளும். கீழ் முனையில் சுருள்வில் வைத்து இழுத்துக் கட்டாவிட்டால் அது தொய்ந்து காற்றில் அடித்துக்கொள்ளும்.

ஒப்பந்தத்தில் கையெழுத்திடுமுன் ஒரே ஒரு சன்னலுக்கு மாதிரித் துண்டைக் கட்டச் சொல்லி, சித்திரை மாத மாலை ஐந்து மணிக்கு அதன் பின்னால் உள்ள மேசையில் அமர்ந்து பாருங்கள்.