புது பேக்கிங் போட்டும் ஆயில் கசியுதா?

கேள்வி: அண்ணா வணக்கம். கிளட்ச் பிளேட் மாத்துறதுக்காக பைக்கோட வலது பக்க கவரை நானே கழட்டினேன். புது பேக்கிங் (கவருக்கும் இன்ஜினுக்கும் நடுவுல வைக்கிற கேஸ்கெட்) வாங்கிப் போட்டு போல்ட் எல்லாத்தையும் பலமா முடுக்கிட்டேன். ஆனா ரெண்டே நாள்ல கவருக்கு அடியில ஆயில் சொட்ட ஆரம்பிச்சிடுச்சு. சிலிகான் பேஸ்ட் நிறைய தடவி மறுபடியும் மாட்டிடலாமா?

பதில்: பேஸ்ட்டை கொஞ்சம் ஓரமா வைங்க தம்பி. முதல்ல கசிவு எங்கேர்ந்து வருதுன்னு பாக்கணும், ஏன்னா ஆயில் மேல ஒரு இடத்துல கசிஞ்சு ஓரமாவே ஓடி வந்து கீழதான் சொட்டும். இன்ஜினை நல்லா துடைச்சு காய விட்டு, கவர் ஜாயின்ட் முழுக்க டால்கம் பவுடரைத் தூவி கொஞ்ச நேரம் ஓட விடுங்க, எங்க பவுடர் முதல்ல ஈரமாகுதோ அங்கதான் கோளாறு. கிக்கர் ராடைச் சுத்தி ஈரமானா அது ஆயில் சீல், அதாவது ராடைச் சுத்தி ஆயிலைத் தடுக்கிற ரப்பர் வளையம், பேக்கிங்கை எத்தனை தடவை மாத்தினாலும் நிக்காது.

ஜாயின்ட்லதான் வருதுன்னா பேக்கிங்கைத் திட்டாதீங்க, அது உக்கார்ற இடத்தைப் பாருங்க. பழைய பேக்கிங் சூட்டுல வெந்து அலுமினியத்தோட ஒட்டிக்கிடும், நாம அவசரத்துல ஸ்க்ரூடிரைவரை விட்டு நெம்பிடுவோம், அப்போ விழுற கோடுதான் ஆயிலுக்கு வாய்க்கால். விரல் நகத்தை ஓட்டிப் பாருங்க, நகம் மாட்டினா ஆயில் தாராளமா வெளிய வரும். பேக்கிங் ரிமூவர் போட்டு ஊற வெச்சு பிளாஸ்டிக் ஸ்க்ரேப்பரால எடுக்கணும், அதுக்கும் வராத இடத்துல மட்டும் பிளேடைப் படுக்க வெச்சு மெதுவா தள்ளணும், அந்த நேரத்துல இன்ஜின் வாயில சுத்தமான துணியைத் திணிச்சு வைங்க, துணுக்கு ஒண்ணு கூட உள்ள போகக் கூடாது. இன்ஜின் பக்கம் எமரி ஷீட்டே வேண்டாம், அந்த மணல் பேரிங்குக்குப் போச்சுன்னா கசிவை விட பெரிய செலவு.

கழட்டின கவரை தேய்க்கலாம். தட்டையான கண்ணாடி மேல 400 நம்பர் எமரி ஷீட்டை விரிச்சு, கவர்ல இருக்கிற டவல் பின்னை (கவரை சரியான இடத்துல உக்கார வைக்கிற குட்டி பின், dowel pin) எடுத்துட்டு கவுத்து வெச்சு, 8 போடுற மாதிரி லேசா நாலு சுத்து தேய்ச்சுத் திருப்பிப் பாருங்க. விளிம்பு முழுக்க ஒரே மாதிரி பளபளன்னு இருந்தா சரி, ஏதோ ஒரு இடம் மட்டும் கறுப்பாவே நின்னா அங்க பள்ளம், கவர் வளைஞ்சிருக்குன்னு அர்த்தம். அப்புறம் நல்லா கழுவிடுங்க.

அந்த டவல் பின் பெரும்பாலும் ரெண்டு இருக்கும், ஒண்ணு பழைய பேக்கிங்கோட ஒட்டிக்கிட்டு குப்பைக்கே போயிடும், யாரும் கவனிக்க மாட்டாங்க. அது இல்லன்னா கவர் ஒரு மயிரிழை நகர்ந்து உக்காரும், பேக்கிங்கும் கூடவே நகரும்.

அடுத்து போல்ட். பலமா முடுக்கினேன்னு எழுதியிருக்கீங்களே, அங்கதான் எனக்கு பயமா இருக்கு. போல்ட் எல்லாம் ஒரே நீளம் கிடையாது, ஒரு அட்டையில கவர் மாதிரி வரைஞ்சு அந்தந்த இடத்துல ஓட்டை போட்டு குத்தி வெச்சுக்கணும். நீளமான போல்ட் குட்டை ஓட்டைக்குப் போனா அடியில முட்டி நிக்கும், கைக்கு டைட் ஆன மாதிரியே இருக்கும், கவர் மட்டும் அமுங்கியிருக்காது. ஓட்டைக்குள்ள ஆயில் தேங்கியிருந்தாலும் இதே கதை, ஆயில் அமுங்காது இல்லையா, அதனால ஒவ்வொரு ஓட்டையையும் காத்தடிச்சோ துணித்திரி விட்டோ காய வைங்க. எல்லாத்தையும் கையால போட்டு, குறுக்கு மறுக்கா ரெண்டு மூணு தடவையா முடுக்குங்க. 6 மி.மீ. போல்ட்டுக்கு முடுக்குற அளவு (டார்க்) சுமாரா 10 நியூட்டன் மீட்டர்தான், உங்க வண்டி மேனுவல்ல என்ன போட்டிருக்கோ அதுதான் கணக்கு. அதுக்கு மேல முடுக்கினா போல்ட்டுக்கிட்ட பேக்கிங் நசுங்கி ரெண்டு போல்ட்டுக்கு நடுவுல கவர் தூக்கிக்கும், அப்புறம் இன்னும் ஒழுகுதேன்னு இன்னும் முடுக்குவோம்.

பேஸ்ட்டை ஏன் வேண்டாங்கிறேன்னா, வெளிய பிதுங்குற அளவுக்கு உள்ளயும் பிதுங்கும். ஒரு இன்ஜினைப் பிரிச்சப்போ ஆயிலை வடிகட்டுற ஸ்ட்ரெய்னர் வலையில சேமியா மாதிரி சிலிகான் சுருண்டு கிடந்ததை நானே விரலால உருவி எடுத்திருக்கேன், வலையில பாதி அடைஞ்சு போயிருந்துச்சு. ஆயில் மேல ஏறலன்னா இன்ஜினே போயிடும் தம்பி.

கேள்வி: மேக்னெட் கவரை (கரண்ட் உண்டாக்குற மேக்னெட்டை மூடுற கவர்) மாட்டினதுக்கு அப்புறம் ஒயர் வெளிய வர்ற இடத்துல மட்டும் கசியுது. எல்லா போல்ட்டும் சரியாதான் இருக்கு.

பதில்: அங்க இருக்கிற ரப்பரை சுத்தமா துடைச்சு, அதுக்கு மட்டும் ஆயில் தாங்குற சிலிகானை மெல்லிசா தடவி உக்கார வைங்க, இந்த இடத்துக்கு பேஸ்ட் வேணும். ட்யூப்ல போட்டிருக்கிற நேரம் வரைக்கும் காய விட்டு அப்புறம் ஸ்டார்ட் பண்ணுங்க. இன்னொண்ணு, காயில் கவர்லயே இருக்கிற வண்டின்னா, கவரை கிட்ட கொண்டு போனதும் உள்ள இருக்கிற மேக்னெட் அதை சட்டுனு இழுத்துக்கும், அந்த இழுப்புல பேக்கிங் மடங்கும், விரலும் மாட்டும். ரெண்டு கையாலயும் நேரா பிடிச்சு டவல் பின்ல வழிகாட்டி விடுங்க. மாட்டுறதுக்கு முன்னாடி மேக்னெட்ல வாஷர் ஏதாவது ஒட்டியிருக்கான்னும் பாத்துடுங்க. இடது பக்க கவர்னா சைட் ஸ்டாண்ட்ல நிக்கும்போது ஆயில் அந்தப் பக்கம்தான் வரும், துடைக்கத் துடைக்க ஈரமாகும், அதனால ஆயிலை இறக்கிட்டு வேலை பாருங்க.

கேள்வி: ஒரு போல்ட் சுத்திக்கிட்டே இருக்கு, இறுகவே மாட்டேங்குது. பெரிய போல்ட் போட்டு அடிச்சு ஏத்தலாமா?

பதில்: வேண்டவே வேண்டாம், கேஸ் விரிசல் விட்டுடும். அலுமினியத்துல மரை போயிருக்கு. லேத் பட்டறையில ஹெலிகாயில் (ஓட்டையைக் கொஞ்சம் பெருசாத் துளைச்சு உள்ள வைக்கிற, மரை மாதிரியான கம்பிச் சுருள்) போட்டுத் தரச் சொல்லுங்க, பழைய சைஸ் போல்ட்டே மறுபடி பிடிக்கும். துளை போடும்போது கவர் கழண்டிருக்கும், இன்ஜின் வாயை மூடி வெச்சிருக்காங்களான்னு நீங்களே கூட நின்னு பாருங்க.