ஆறு பெட்டையும் ஒரு நல்ல கூண்டும்: வாசகர் கேள்வி–பதில்

இம்மாதம் சுங்கை சிப்புட் வட்டார வாசகர்கள் கோழியைப் பற்றியே கேட்டிருக்கிறார்கள். ஒரே மாதிரியான கேள்விகளைச் சேர்த்துப் பதில் சொல்லியிருக்கிறோம்.

தோட்டத்து வீட்டைக் காலி செய்து தாமானில் மூலை வீட்டுக்கு வந்துவிட்டோம். பின்பக்கம் 20க்கு 10 அடி இடம் இருக்கிறது. எத்தனை கோழி வளர்க்கலாம்? சேவல் கட்டாயம் வேண்டுமா?

ஆறு பெட்டை போதும். முட்டைக்குச் சேவல் தேவையில்லை. குஞ்சு பொரிக்க வேண்டுமென்றால்தான் தேவை. தோட்டத்தில் கோழி தானாக மேய்ந்து, ரம்புத்தான் மரத்தில் ஏறித் தூங்கி, காலையில் இறங்கி வரும். 200 சதுர அடியில் அது நடக்காது. ஆறு கோழி சில வாரங்களிலேயே புல்லைத் தின்று, மண்ணைக் கிளறிச் சேறாக்கிவிடும். இடத்தை இரண்டாகத் தடுத்து, ஒரு மாதம் ஒரு பக்கம், மறுமாதம் மறுபக்கம் என்று விடுங்கள்.

முதலில் கூண்டு, பிறகு கோழி. பலர் இதைத் தலைகீழாகச் செய்து, வாங்கிவந்த கோழியைப் பெட்டியில் வைத்துக்கொண்டு அவசரத்தில் ஆணி அடிக்கிறார்கள். கோழிக்கு 4 சதுர அடி என்று கணக்கு வைத்தால், ஆறுக்கு 6க்கு 4 அடி. தரையிலிருந்து இரண்டரை அடி உயர்த்துங்கள்; அடியில் காற்று ஓடும், எச்சத்தை வாரவும் எளிது. கூரைத் தகரம் சுவரைத் தாண்டி 2 அடி நீளட்டும். இங்கே மழை நேராகப் பெய்வதில்லை, சாய்ந்து அடிக்கும். மத்தியானத்தில் தகரம் அடுப்பாகிவிடும்; அதற்கு அடியில் அத்தாப்பு ஓலை ஒரு அடுக்கு கட்டினால் உள்ளே இருக்கும் கோழி மூச்சு விடும்.

தூங்குவதற்கு 2 அங்குலக் கட்டை, விளிம்பு மழித்தது, கோழிக்கு 8 அங்குலம் வீதம். அது முட்டைப் பெட்டியைவிட உயரத்தில் இருக்க வேண்டும். கோழி எப்போதும் உயரமான இடம் பார்த்துத்தான் அடையும். பெட்டி உயரமாக இருந்தால் அதற்குள்ளேயே படுத்து எச்சமிட்டு முட்டையை நாசமாக்கும். முட்டைப் பெட்டி எல்லாப் பக்கமும் ஓர் அடி. ஆறு கோழிக்கு இரண்டு போதும். எத்தனை வைத்தாலும் எல்லாம் ஒரே பெட்டிக்குத்தான் சண்டை போடும்.

ஒரு பலகையை அறுக்குமுன் நகராண்மைக் கழகத்தில் கேட்டுவிடுங்கள். குடியிருப்புப் பகுதியில் கோழி வளர்க்கும் விதி ஊருக்கு ஊர் மாறும்.

2025 ஆகஸ்ட்டில் முட்டை விலைக் கட்டுப்பாட்டை எடுத்துவிட்டார்கள். வீட்டில் வளர்த்தால் மிச்சமாகுமா?

கணக்கைப் பாருங்கள். பண்ணை ரகச் சிவப்புக் கோழி நாளுக்கு ஏறக்குறைய 110 கிராம் தீனி தின்னும். ஆண்டுக்கு 40 கிலோ. நல்ல பருவத்தில் ஆண்டுக்கு 300 முட்டை வரை இடும். ஒரு முட்டைக்கு 130 கிராமுக்குச் சற்றே கூடுதலான தீனி. கம்பத்துக் கோழி (நாட்டுக்கோழி) 10, 15 முட்டை இட்டதும் அடைக்கு உட்கார்ந்துவிடும். ஆண்டுக்கு 60 முட்டை கிடைத்தால் நல்லது. நாளுக்கு 85 கிராம் என்றால் ஆண்டுக்கு 31 கிலோ. கையால் போட்டே வளர்த்தால் ஒரு முட்டைக்கு அரைக் கிலோ தீனி! உங்கள் கடை விலையால் பெருக்கிக்கொள்ளுங்கள். மிச்சத்துக்காக வளர்ப்பதென்றால் கம்பத்துக் கோழி வேண்டாம். ருசிக்கும் குஞ்சுக்கும் அதற்கு ஈடில்லை என்பது வேறு விஷயம்.

பண்ணைகள் கழித்துத் தள்ளும் ‘பென்சன் கோழி’யை மலிவு என்று வாங்குபவர்கள் கவனிக்க: அதற்கு ஏற்கெனவே ஒன்றரை வயது இருக்கும், முட்டை குறையத் தொடங்கியிருக்கும். குழம்புக்கு வாங்கினால் லாபம்.

ஒரே இரவில் மூன்று கோழி போய்விட்டது. கம்பி வலை கிழியவில்லை. என்ன வந்திருக்கும்?

விட்டுப்போன தடயம்தான் சொல்லும். இறகுகூட இல்லாமல் கோழி காணாமல் போனால் மலைப்பாம்பு. சில நேரம் அது கூண்டுக்குள்ளேயே சுருண்டு கிடக்கும். வந்த ஓட்டை வழியே விழுங்கிய வயிற்றோடு வெளியேற முடியாது. ஆகவே விடிந்ததும் முட்டைப் பெட்டிக்குள் கையை விடாதீர்கள், விளக்கடித்துப் பாருங்கள். தலையும் கழுத்தும் தின்னப்பட்டு உடல் அப்படியே கிடந்தால் பெரும்பாலும் மூசாங் (மரநாய்). கூண்டுக்குள் நுழைய வழி கிடைத்தால் பசிக்கு ஒன்று, வெறிக்கு நான்கு என்று கொல்லும். பகலில் முட்டையும் குஞ்சும் குறைந்து, வேலியடியில் தோண்டிய குழி இருந்தால் உடும்பு. இரவில் குஞ்சு ஒவ்வொன்றாகக் குறைந்தால் எலி. பல கோழிகள் செத்துக் கிடந்து ஒன்றும் தின்னப்படவில்லை என்றால், தெருநாயைத் தேடுங்கள்.

உங்கள் வலை கிழியவில்லை என்கிறீர்கள். கிழிய வேண்டியதே இல்லை. கடையில் ‘கோழி வலை’ என்று விற்கும் அறுகோணக் கண் கொண்ட மெல்லிய வலை, கோழியை உள்ளே நிறுத்துவதற்கு மட்டும்தான். சிறு பாம்பும் எலியும் அதில் நுழையும். இரண்டு மழைக்காலத்தில் துருவேறிக் கையாலேயே பிய்ந்துவிடும். வேண்டியது அரை அங்குலக் கண் கொண்ட, பற்றவைத்த கம்பி வலை. சட்டத்தில் ஆணியை வளைத்து அடிப்பது போதாது. மேலே ஒரு ரீப்பர் பட்டையை வைத்துத் திருகாணி முடுக்குங்கள். கூண்டைச் சுற்றித் தரையில் ஒன்றரை அடி அகலத்துக்கு அதே வலையைப் பாய் போலப் பரப்பிக் கல்லை வைத்துவிட்டால், தோண்டி வருவது வலையில் முட்டித் திரும்பிவிடும். கதவின் அடியில் விரல் நுழையும் இடைவெளி இருந்தாலும் மூடுங்கள். தாழ்ப்பாள் இரண்டு.

இதையெல்லாம் செய்துவிட்டு இரவில் தீனித்தட்டை உள்ளேயே வைத்தால் பயனில்லை. தீனிக்கு எலி வரும், எலிக்குப் பாம்பு வரும். பாதி பாம்புத் தொல்லை நம் தீனித்தட்டில்தான் தொடங்குகிறது. மாலை ஆறரைக்குத் தட்டை எடுங்கள். தீனி மூட்டையை மூடியுள்ள தோம்பில் வையுங்கள். (செம்பனைத் தோட்டத்தில் எலிக்காகப் பெட்டி வைத்து வளர்க்கும் கூகையைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். அது உங்களுக்காகவும் உழைக்கிறது.)

மலைப்பாம்பைப் பாராங் கத்தியால் வெட்டாதீர்கள். 2010ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் அது பாதுகாக்கப்பட்ட உயிரினம். பொதுத் தற்காப்புப் படையையோ தீயணைப்பு நிலையத்தையோ கூப்பிட்டால் பிடித்துப் போவார்கள்.

நான்கு நாளில் ஆறு கோழி செத்துவிட்டன. பச்சையும் வெள்ளையுமாகக் கழிச்சல், கழுத்து முறுக்கிக்கொண்டது. நோய் எப்படி வந்தது? மீதி மூன்றை விற்றுவிடலாமா?

விற்காதீர்கள், கொடுக்காதீர்கள், அறுக்கவும் வேண்டாம். நீங்கள் எழுதியிருக்கும் அறிகுறிகள் வெள்ளைக்கழிச்சல் நோயுடையவை. மலாயில் சம்பார் என்பது இதையே. ஆனால் பறவைக் காய்ச்சலும் இதே வேகத்தில்தான் கொல்லும், கண்ணால் பார்த்துப் பிரிக்க முடியாது. 2004இலும் 2017இலும் கிளந்தானில் பறவைக் காய்ச்சல் வந்தபோது கம்பத்துக் கோழிகளும் மாட்டின. அதனால் மாவட்டக் கால்நடை அலுவலகத்துக்கு உடனே தகவல் சொல்லுங்கள். அவர்கள் வரும்வரை செத்ததை வெறுங்கையால் தொடாதீர்கள். புதைக்கச் சொன்னால் 3 அடிக் குழி, மேலே சுண்ணாம்பு. ஆற்றிலோ செம்பனை வாய்க்காலிலோ வீசினால் கீழே இருக்கும் கோழிகளுக்கும் பரவும்.

வெள்ளைக்கழிச்சலுக்கு மருந்து கிடையாது. மஞ்சள், வெங்காயம், கடையில் விற்கும் மஞ்சள் நிறப் பொடி மருந்து எதுவும் இந்தக் கிருமியைக் கொல்லாது. தடுப்பூசி மட்டும்தான். முதல் வாரத்தில் கண்ணில் ஒரு சொட்டு, மூன்று நான்கு வாரத்தில் மறுசொட்டு, பிறகு மூன்று நான்கு மாதத்துக்கு ஒருமுறை. சொட்டு விட்டபின் கோழி கண்ணை மூடித் திறக்கும்வரை பிடித்திருங்கள், இல்லையென்றால் உதறிவிடும். தண்ணீரில் கலந்து கொடுப்பதானால் குழாய்த் தண்ணீரின் குளோரின் தடுப்பூசியைக் கொன்றுவிடும். கொதித்து ஆறிய தண்ணீரில் லிட்டருக்கு 2 கிராம் கொழுப்பு நீக்கிய பால்மாவைக் கரைத்துவிட்டுக் கலக்குங்கள். இரண்டு மணி நேரத்தில் குடித்து முடிக்க வேண்டும். அதற்கு முன் ஓரிரண்டு மணி நேரம் தண்ணீர் காட்டாதீர்கள்.

ஒரு குப்பியில் நூறு கோழிக்கோ அதற்கு மேலோ மருந்து இருக்கும். ஆறு கோழிக்கு யார் வாங்குவது என்று விட்டுவிடுகிறார்கள். சந்தில் கோழி வைத்திருப்பவர்கள் எல்லாரும் ஒரே நாளில் போடுங்கள். ஐஸ் பெட்டி இல்லாத கிராமத்துக் கோழிகளை நினைத்தே, வெப்பம் தாங்கும் வி4 தடுப்பூசியை 1980களில், அப்போது விவசாயப் பல்கலைக்கழகமாக இருந்த இன்றைய புத்ரா பல்கலைக்கழகமும் ஆஸ்திரேலிய ஆய்வாளர்களும் சேர்ந்து மலேசியாவில் சோதித்தார்கள்.

நோய் எப்படி வந்தது என்று கேட்டிருக்கிறீர்கள். பெரும்பாலும் ஞாயிற்றுக்கிழமைப் பாசாரில் வாங்கி, அன்றே கூண்டில் விட்ட கோழி வழியாக வரும். புதிய கோழியைத் தனியாக இரண்டு வாரம் வையுங்கள், தீனி கடைசியாக அதற்குப் போடுங்கள். கூண்டு காலியானதும் அதைச் சுரண்டி, கழுவி, குளோரக்ஸ் அடித்து, வெயிலில் திறந்து, ஒரு மாதம் சும்மா விடுங்கள். ஆசை தாங்காமல் இரண்டாம் வாரமே வாங்குபவர்கள் இரண்டாவது முறையும் குழி தோண்டுகிறார்கள்.

பன்னிரண்டு முட்டை வைத்து நான்குதான் பொரித்தது. இடி விழுந்தால் கூமுட்டையாகும், இரும்பாணியும் கரியும் மிளகாயும் போட்டிருக்க வேண்டும் என்கிறார் பாட்டி. உண்மையா?

ஆணி போடுவதால் கெடுதல் ஒன்றுமில்லை, பாட்டியின் மனமும் நிறையும். ஆனால் பாதி முட்டைகள் அடைக்கு வைக்குமுன்பே கெட்டிருக்கும். முட்டைக்குள் கரு வளர 24 பாகை செல்சியசுக்கு மேல் சூடு போதும். நம் ஊர் மத்தியானத்தில் கூண்டுக்குள் 32 பாகை. பத்து நாள் பெட்டியிலேயே கிடந்த முட்டையில் கரு பகலில் கொஞ்சம் வளர்ந்து, இரவில் நின்று, திரும்ப வளர்ந்து, அரைகுறையாகச் சாகிறது. அன்றன்றைக்கு எடுத்து, பென்சிலால் தேதி போட்டு, வீட்டின் குளிர்ந்த மூலையில், அகன்ற முனை மேலே இருக்கும்படி வையுங்கள். குளிர்பெட்டி வேண்டாம். ஏழு நாளுக்கு மேலான முட்டை குழம்புக்கு.

சின்னக் கோழிக்கு ஒன்பது, பெரியதற்குப் பன்னிரண்டு, இரவில் வையுங்கள். மற்றக் கோழிகள் வந்து அதே கூட்டில் முட்டையிடும். பென்சில் குறி இல்லாததை அன்றே எடுத்துவிடுங்கள். ஏழாம் நாள் இருட்டில் கைப்பேசி விளக்கை முட்டையின் அகன்ற முனையில் பிடியுங்கள். சிலந்தி போல் நரம்பு ஓடினால் நல்லது. தெளிவாக மஞ்சளாக இருந்தால் கூமுட்டை. சிவப்பு வளையம் மட்டும் தெரிந்தால் கரு செத்துவிட்டது. இருபத்தோராம் நாள் பொரிக்கும். ஓட்டில் துளை போட்டுவிட்டு ஒரு நாள் முழுக்கச் சும்மா இருக்கும் குஞ்சை உரித்து உதவாதீர்கள். ஓட்டின் உட்சவ்வில் இன்னும் இரத்தம் ஓடிக்கொண்டிருக்கும்.

நான்கு வாரக் குஞ்சுகள் இரத்தமாகக் கழிகின்றன.

ரத்தக்கழிச்சல். ஈரத் தரையில் பெருகும் ஒட்டுண்ணி. கால்நடைக் கடையில் அம்ப்ரோலியம் கேளுங்கள், உறையில் உள்ள அளவில் குடிதண்ணீரில், உறை சொல்லும் நாள்வரை. அந்த நாட்களில் பி1 விட்டமின் கொடுக்காதீர்கள், மருந்தின் வேலையையே கெடுக்கும். விரித்த மரத்தூளை அன்றே மாற்றுங்கள். தண்ணீர்த் தட்டைச் செங்கல் மேல் வையுங்கள்.

வேலிக்குப் பின்னால் செம்பனைத் தோட்டம். கோழியை அங்கே மேய விடலாமா?

வேண்டாம். பாராகுவாட் என்ற களைக்கொல்லிக்கு 2020 ஜனவரி 1 முதல் தடை, ஆனால் வேறு களைக்கொல்லிகள் அடிக்கிறார்கள். மரத்தடியில் வைக்கும் மெழுகுக்கட்டி எலி மருந்தைக் கோழி கொத்தும். மருந்து தின்று செத்த எலியைக் கொத்தினாலும் ஆபத்து. உள்ளே இரத்தம் கசிந்து சில நாள் கழித்துத்தான் சாகும், நோய் என்று நினைத்துவிடுவீர்கள். வேலி தாண்டிப் போகும் கோழி இருந்தால், எப்போது அடிக்கிறார்கள், எப்போது கட்டி வைக்கிறார்கள் என்று தோட்டத்து மண்டோரிடம் (கண்காணியிடம்) கேட்டு, அந்த வாரங்களில் கதவைச் சாத்திவிடுங்கள்.

வெயில் நாளில் தோல்முட்டை இடுகிறது. சோறும் தேங்காய்ப்பூவும் நிறையப் போடுகிறோமே?

அதுதான் காரணத்தில் பாதி. சோற்றில் சுண்ணாம்புச் சத்து இல்லை. வயிறு நிறைந்த கோழி முட்டைத் தீனியை (முட்டையிடும் கோழிக்கென்று விற்கும் தீனியை) தொடாது. வெயிலில் கோழி வாய் பிளந்து மூச்சு வாங்கும்போது இரத்தத்திலிருந்து கரியமில வாயு வெளியேறுகிறது. ஓடு செய்ய வேண்டிய பொருள் குறைகிறது. முட்டைத் தீனியைக் காலை ஏழு மணிக்குள்ளும் மாலை ஐந்துக்கு மேலும் போடுங்கள். சிப்பித்தூளைத் தனித்தட்டில் வையுங்கள், வேண்டியதைத் தானே எடுக்கும். சோறு ஆளுக்கு ஒரு தேக்கரண்டி.

சேவல் விடியற்காலை நாலு மணிக்குக் கூவுகிறது, பக்கத்து வீட்டார் முகம் சுளிக்கிறார்கள். பிள்ளைகள் அதற்குப் பெயர் வைத்துவிட்டார்கள், அறுக்க விடமாட்டேன் என்கிறார்கள்.

பெயர் வைக்குமுன் யோசித்திருக்க வேண்டும்! இரவில் இருட்டான, காற்றுத் துவாரம் உள்ள, தலை தூக்க இடமில்லாத பெட்டியில் அடைத்து ஏழு மணிக்குத் திறந்தால் கூவல் குறையும், நிற்காது. முனீஸ்வரருக்கு நேர்ந்தது என்றால் அதுவரை இப்படிச் சமாளிக்கலாம். இல்லையென்றால் கம்பத்தில் இடமுள்ள ஒருவருக்கு உயிரோடு கொடுங்கள். மலாய்க்கார அண்டை வீட்டாருக்குக் கொடுப்பதானாலும் உயிரோடுதான். அறுப்பதை அவர்கள் பார்த்துக்கொள்வார்கள். அடுத்த அடையில் சேவல் குஞ்சுகளின் கொண்டை ஆறாவது வாரத்தில் சிவந்து பருக்கத் தொடங்கும். அப்போதே பிரித்துவிடுங்கள், பிள்ளைகள் பெயர் தேடுவதற்குள்.