லேத்தில் வேகம், ஃபீட், வெட்டு ஆழம்: எதை முதலில் கூட்டுவது?

கார்பைடு என்னும் மிகக் கடினமான பொருளாலான வெட்டு முனையால் எஃகைக் கடையும்போது, உற்பத்தியைப் பெருக்க வேகம், ஃபீட் (வேலைப்பொருள் ஒருமுறை சுழலும்போது முனை நகரும் தூரம்), வெட்டு ஆழம் ஆகிய மூன்றில் எதை முதலில் உயர்த்த வேண்டும் என்று கேட்டிருக்கிறீர்கள். பலரும் முதலில் கைவைப்பது வேகத்தில்தான். ஆனால் முனையின் ஆயுளை மிகக் கடுமையாகக் குறைப்பதும் அதுவே. அமெரிக்கப் பொறியாளர் ஃபிரெடெரிக் டெய்லர் 1907-இல் வெளியிட்ட ஆய்விலிருந்து வந்த சமன்பாட்டின்படி, வெட்டு வேகத்தை ஆயுட்காலத்தின் ஒரு குறிப்பிட்ட அடுக்கால் பெருக்கினால் மாறிலி கிடைக்கும். கார்பைடுக்கு அந்த அடுக்கை ஏறத்தாழ 0.25 என்று கொண்டால், வேகத்தை 20 சதவீதம் கூட்டியதுமே ஆயுள் பாதிக்கும் கீழே இறங்கிவிடுகிறது, அடுக்கு 0.125 அளவிலுள்ள அதிவேக எஃகு (கருவிகளுக்கான ஓர் எஃகு வகை) முனைக்கோ கால்பங்குகூட மிஞ்சாது.

ஆகவே இயந்திரத்தின் திறனும் வேலைப்பொருளின் பிடிமானமும் இடங்கொடுக்கும் வரை ஆழத்தைக் கூட்டுங்கள், அடுத்து ஃபீட், வேகம் கடைசியில். ஃபீடுக்கு எல்லை வகுப்பது மேற்பரப்பின் தரம்: கோட்பாட்டளவில் சொரசொரப்பு ஃபீடின் வர்க்கத்தோடு உயர்வதால், ஃபீடை இரட்டித்தால் அது நான்கு மடங்காகிறது. நுனி ஆரம் பெரிதாக உள்ள முனை இதைத் தணிக்கும் என்றாலும், மெலிந்த நீண்ட தண்டுகளில் அதிர்வைத் தூண்டிவிடும். வேகத்தை அளவுக்கு மீறித் தாழ்த்துவதும் தவறே. அப்போது உலோகம் முனையில் ஒட்டிப் படிந்து பரப்பைக் கெடுக்கும்.