நூலைப் பிடித்தால் காவிரி

கேள்வி: ஆறாவது படிக்கும் என் மகளுக்குப் புவியியல் கசக்கிறது. வீட்டில் எப்படிச் சொல்லித் தருவது?
– வாசகி, கரூர்

பதில்: காவிரிக்குப் பக்கத்தில் இருந்துகொண்டு கவலை எதற்கம்மா? தென்னிந்திய வரைபடத்தைத் தரையில் விரியுங்கள். தலைக்காவிரியிலிருந்து பூம்புகார் வரை, வளைவுக்கு வளைவு ஒரு நூலை வைக்கச் சொல்லுங்கள். நூலை நிமிர்த்தி, படத்தின் அளவுகோலோடு ஒப்பிடட்டும். ஆற்றின் நீளம் சுமார் 800 கிலோமீட்டர்; அவள் கணக்கு குறையும். சின்ன வளைவுகளைப் படம் விழுங்கிவிடும் என்பதை அவளே கண்டுபிடிக்கட்டும், நீங்கள் முந்திக்கொள்ளாதீர்கள்.

அடுத்த ஞாயிறு, படத்தோடு முக்கொம்புக்குப் பஸ் ஏறுங்கள். காவிரியிலிருந்து கொள்ளிடம் பிரியும் இடம் அது. இரண்டுக்கும் நடுவில்தான் ஸ்ரீரங்கம். என் பேரன் அங்கே படத்தைத் திருப்பித் திருப்பி, ஆறு போகும் திசைக்குச் சரியாக வைத்துவிட்டு, “இந்தக் கோடா தாத்தா இவ்வளவு அகலம்?” என்றான்.