பின் அக்சில் இரைச்சல்: முற்பணம் கொடுக்குமுன் எங்கே பார்ப்பது?

கேள்வி: டொயோட்டா ஹையேஸ் எல்எச் 113, அதாவது நம்மூரில் டொல்பின் என்கிற வான் ஒன்று விலைக்கு வந்திருக்கிறது. முன்பு மீன் ஏற்றி ஓடியது. 60 கிலோமீற்றர் வேகத்தில் பின்னால் இரைகிறது. டயர் சத்தம்தான் என்கிறார் விற்பவர். நம்பலாமா?
– வாசகர், உப்புவெளி

பதில்: டயராகவும் இருக்கலாம், சில்லுப் பெயாரிங்காகவும் இருக்கலாம், டிஃபரென்ஷலுக்குள் (பின் அக்சிலின் நடுவில், எஞ்சின் சக்தியை இரு சில்லுக்கும் பிரித்துக் கொடுக்கும் உறுப்பு) இருக்கும் கிறவுண் பினியன் என்ற பற்சக்கர ஜோடியாகவும் இருக்கலாம். முதல் இரண்டும் சமாளிக்கக்கூடிய செலவு. மூன்றாவது என்றால் டிஃபரென்ஷல் மாற்றும் செலவை முழுதாகக் கழித்துத்தான் விலை பேச வேண்டும். இல்லாவிட்டால் வேறு வான் பாருங்கள்.

ஹபரணை வீதிப் பக்கம் ஓட்டிப் பாருங்கள். முதல் கால் மணி நேரச் சத்தத்தை வைத்து எதையும் முடிவு செய்ய வேண்டாம். தேய்ந்த பல்லின் சத்தத்தை மறைக்கத் தடித்த ஒயில் ஊற்றி விற்பவர்கள் இருக்கிறார்கள். ஒயில் சூடாகி இளகினால்தான் உண்மை வெளிவரும். பிறகு 60இல் பிடித்து ஆக்சிலேட்டரை அழுத்துங்கள், காலை எடுங்கள். அழுத்தும்போது ஊளையிட்டு, எடுத்ததும் தொனி மாறினால் கிறவுண் பினியன். அழுத்தினாலும் எடுத்தாலும் ஒரே மாதிரி, வேகத்தோடு மட்டும் ஏறி இறங்கினால் பெயாரிங் அல்லது டயர். காபெற் வீதியிலிருந்து கரடுமுரடான வீதிக்கு இறங்கும்போது சத்தம் மாறினால் டயர்தான். இடப்பக்கம் வளையும்போது பாரம் வலச் சில்லில் விழும்; அப்போது இரைச்சல் கூடினால் வலப்பக்கப் பெயாரிங்கைச் சந்தேகியுங்கள்.

அடுத்து ஜாக். முன் சில்லுகள் இரண்டுக்கும் முன்னும் பின்னும் மரக்கட்டை வையுங்கள். பின்பக்கத்தை உயர்த்தி, அக்சிலை மூடியிருக்கும் இரும்புக் கூடான அக்சில் ஹவுசிங்கின் இருபுறமும் ஸ்டாண்ட் கொடுங்கள். ஜாக்கை மட்டும் நம்பியோ, கல் அடுக்கியோ அடியில் போகவே கூடாது. ஹாண்ட் பிறேக்கை இறக்கி, டயரின் மேலையும் கீழையும் பிடித்து உள்ளும் வெளியுமாக அசையுங்கள். கையில் 'டக்' என்று தட்டினால் பெயாரிங் போய்விட்டது. பிறகு சில்லைச் சுழற்றி, மறு கையை ஹவுசிங்கின் அந்த முனையில் வையுங்கள். தேய்ந்த பெயாரிங் மணல் அரைபடுவதுபோலக் கையில் தெரியும். கியர்பொக்ஸிலிருந்து பின்னால் வரும் நீண்ட தண்டான புறொப்பலர் ஷாப்ட் டிஃபரென்ஷலோடு சேரும் இடத்தில் பிடித்து மேலும் கீழும் தூக்குங்கள். சுழற்சியில் சிறு இடைவெளி இயல்பு. மேல்கீழ் ஆட்டம் துளியும் இருக்கக்கூடாது. இருந்தால் பினியன் பெயாரிங் தேய்ந்திருக்கிறது. ஊளைக்கும் பெரும்பாலும் அங்கேதான் தொடக்கம், ஏனென்றால் பினியன் ஆடினால் பல் பொருந்தும் இடமே மாறிவிடும்.

ஒயில் பார்க்காமல் வாங்காதீர்கள். வானைச் சமதரையில் இறக்கி, சிறிது ஆறிய பிறகு நிரப்பும் ஆணியைக் கழற்றி விரல் விடுங்கள். துளையின் விளிம்புக்குச் சற்றுக் கீழேயே ஒயில் தட்டுப்பட வேண்டும். வடிக்கும் ஆணியில் சாம்பல் நிறப் பசை ஒட்டியிருந்தால் வழக்கமான தேய்மானம். செதிலோ பல்லின் துண்டோ இருந்தால் பேச்சை அங்கேயே நிறுத்துங்கள். ஒயில் பால்போல வெளுத்திருந்தால் தண்ணீர் புகுந்திருக்கிறது. கரையில் தோணி இறக்கப் பின்சில்லை நீருக்குள் வைத்த வாகனங்களில் இது நடக்கும்: சூடான ஹவுசிங் சட்டென்று குளிரும்போது உள்ளே காற்று சுருங்கி, ஒயில் கசியாமல் தடுக்கும் வளையமான சீல் வழியாக நீரை இழுத்துக்கொள்ளும். உப்பு நீர் என்றால் பெயாரிங் சீக்கிரம் துருப்பிடித்துக் குழிவிழும். மறுபடி நிரப்ப ஜிஎல் 5 தரத்தில் 80டபிள்யூ 90 ஒயில் போதும்.

மீன் வான் என்பதால் இன்னொன்று. பெட்டியிலிருந்து வடிந்த உப்பு ஐஸ் தண்ணீர் ஹவுசிங்கின் மேலும், அதில் ஓடும் பிறேக் குழாயிலும், யூ போல்ட்டுகளிலும் படிந்திருக்கும். ஸ்குரூ டிரைவர் முனையால் துருவைச் சுரண்டுங்கள். தகடு தகடாக உரிந்து பள்ளம் விழுந்தால் ஆபத்து. ஹவுசிங்கின் மேலே உள்ள மூச்சுக்குழலும் உப்புச் சேற்றால் அடைபடும். அடைபட்டால் சூட்டில் உள்ளழுத்தம் ஏறி, ஒயில் சீலைத் தள்ளிக்கொண்டு பிறேக் டிரம்முக்குள் போகும். சில்லின் உட்பக்கத் தட்டு ஈரமாக இருந்தாலோ, பிறேக் பிடிக்கையில் வான் ஒருபக்கம் இழுத்தாலோ டிரம்மைக் கழற்றிக் காட்டச் சொல்லுங்கள். ஒயில் ஊறிய பிறேக் சூவைப் பெற்றோலில் கழுவிப் போடுவது வேலைக்காகாது, மாற்றத்தான் வேண்டும்.

சீல் கசிவுக்காக மட்டும் நல்ல வானை விட வேண்டாம். ஆனால் சில்லைத் தாங்கும் அக்சில் ஷாப்டை வெளியே எடுக்கும்போது சீல் உரசும் இடத்தில் நகத்தை ஓட்டுங்கள். நகம் மாட்டும் அளவு கோடு விழுந்திருந்தால் புதுச் சீலும் சில மாதங்களில் கசியும். ஷாப்டையும் மாற்ற வேண்டிவரும். பெயாரிங் மாற்றினால் அதைப் பிடித்திருக்கும் வளையமும் புதிதாக இருக்கட்டும். பழையதைத் திரும்ப அடித்துப் போட்டு, ஓடும்போது ஷாப்ட் சில்லோடு வெளியே வந்தால் உயிருக்கே ஆபத்து.

கேள்வி: முன்சில்லு இழுவைக் காரில் பின்பக்கம் பார்க்க என்ன இருக்கிறது?
– வாசகர், கிண்ணியா

பதில்: டிஃபரென்ஷல் அங்கே இல்லை, ஹப் பெயாரிங்கும், பின்சில்லுகள் இரண்டையும் இணைக்கும் குறுக்குச் சட்டமும்தான். பெயாரிங்கை மேலே சொன்னபடி அசைத்தும் சுழற்றியும் பாருங்கள். சட்டத்துக்கு டயரே சாட்சி. உள்ளங்கையை டயரின் குறுக்காக வெளியிலிருந்து உள்ளேயும், உள்ளேயிருந்து வெளியேயும் தடவுங்கள். ஒருபக்கம் வழுக்கி மறுபக்கம் அரம்போலக் குத்தினால், மதகிலோ குழியிலோ விழுந்து சட்டம் வளைந்திருக்கக்கூடும். பல கார்களில் பின்சில்லின் கோணத்தைத் திருத்த வழியே கிடையாது. வீல் எலைன்மென்ட் செய்து தருகிறேன் என்று விற்பவர் சொன்னால், பின்சில்லின் கோண அளவையும் அச்சிட்டுத் தரும்படி கேளுங்கள்.